வராத காசை வரவில் எழுதாதீர்கள்: திருமணக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் திருமணச் செலவு பெரும்பாலும் சீ.ஆர். கொப்பி என்னும் தடித்த அட்டை நோட்டில்தான் தொடங்குகிறது. பொருத்தம் பார்த்து, நாள் குறித்து, மாப்பிள்ளை வீட்டார் தேநீர் குடித்து எழுந்துபோன இரவில், வீட்டுத் தலைவர் பக்கத்தின் நடுவே ஒரு கோடு கிழித்து இடப்புறம் வரவும் வலப்புறம் செலவும் எழுதுகிறார். என் தங்கையின் திருமணத்துக்கு அப்பா எழுதிய கொப்பி இன்றும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதன் செலவுப் பக்கத்தில் பெரிய பிழை எதுவும் இல்லை; பந்தல், சமையல், கூறைப்புடவை, வேன் வாடகை எல்லாம் ஏறத்தாழ எழுதியபடியே முடிந்தன. பிழை வரவுப் பக்கத்தில் இருந்தது. அங்கே இருந்த 5 வரிகளில் கையில் இருந்த காசு ஒரே ஒரு வரிதான். அப்பாவின் ஓய்வுக்காலப் பணம், சீட்டு, மொய், மாமா தருவதாகச் சொன்னது ஆகிய மற்ற நான்கும் வரவேண்டிய காசு. அவை நேரத்துக்கு வராமல் நாங்கள் வாங்கிய கடன் அடைய 4 தீபாவளிகள் ஆயின.

மொய்யை வரவாக எழுதுவது இவற்றுள் மிகப் பழைய தவறு. மொய் என்பது வட்டியில்லாத கடன். தந்தவர் வீட்டில் காதுகுத்தோ சடங்கோ கலியாணமோ வரும்போது, அதே தொகையைச் சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும். அதிலும், அப்பா முன்பு பிறர் வீடுகளில் எழுதிய மொய்தான் நமக்குத் திரும்பி வருகிறது. பிறருக்குச் செய்யாதவருக்கு அவர் எதிர்பார்க்கும் அளவுக்கு வருவதில்லை. தோட்டத்தில் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி வருவதால், மாதக் கடைசியில் வைத்த திருமணத்துக்கு வருகிறவர்களின் கவரும் மெலிந்தே இருக்கும். சமையற்காரரின் மீதியை மொய்ப் பணத்தில் தருவதாகப் பேசிவிட்டு, மறுநாள் காலையில் கவர்களைப் பிரித்து எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டாரின் முகத்தைப் பார்த்தவர்கள் இந்தத் தவறை இரண்டாம் முறை செய்வதில்லை.

அடுத்தது, அப்பாவின் ஓய்வுக்காலப் பணம். தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் தொழில்தருநரிடமிருந்தும் மாதாமாதம் சேரும் ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம். அதற்கு முன்பாக 30 வீதம் வரை எடுக்கும் ஏற்பாடு வீட்டுத் தேவைக்கும் குறிப்பிட்ட மருத்துவச் சிகிச்சைகளுக்கும் உரியது. பிள்ளைகளின் திருமணம் அந்தப் பட்டியலில் இல்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்தால், 30 ஆண்டு உழைத்தவருக்கு அது 5,67,000 ரூபாய். சட்டம் 30 நாட்களுக்குள் கொடுக்கச் சொல்கிறது; ஆனால் எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது திருமணம் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு. மண்டபக்காரர் அதுவரை காத்திருக்கவில்லை, ஆகவே வட்டிக்கு வாங்கினோம். பணம் நேரத்துக்கு வந்தாலும்கூட, 30 ஆண்டு கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் உழைத்ததை ஒரே நாளில் இலையில் பரிமாறிவிட்டு, மருந்துச் செலவுக்கு மகனின் கையை எதிர்பார்த்து நிற்பதை நான் சிக்கனமான திருமணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். திருமணத்தை முன்னிட்டு வேலையிலிருந்து விலகும் பெண் தன் சேமலாப நிதியை வயதுக்கு முன்பே பெறச் சட்டம் இடமளிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதற்காகவே தோட்டப் பதிவிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு வேலையை விடுகிற பெண், தன் 8 வீதத்தோடு தொழில்தருநர் சேர்க்கும் 12 வீதத்தையும் அந்த மாதத்திலிருந்தே இழக்கிறாள்.

சீட்டு நல்ல வழிதான், அதை எப்போது எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து. 20 பேர் மாதம் 10,000 ரூபாய் கட்டும் குலுக்குச் சீட்டில் 2 இலட்சம் விழுகிறது. முதலாம் மாதத்தில் எடுத்தால், இன்னும் 19 மாதம் கட்டவேண்டிய கடன் அது. 20ஆம் மாதத்தில் எடுத்தால் முழுக்கச் சேமிப்பு. பொருத்தம் கூடி வந்த பிறகு சீட்டில் சேர்ந்து, முதற் சீட்டைக் கேட்டு வாங்குகிறவர் கடன் வாங்காமல் கலியாணம் செய்ததாகச் சொல்லிக்கொள்வது தன்னையே ஏமாற்றுவது. ஏலச் சீட்டில் தொகையைக் குறைத்துக் கேட்டு, அதாவது தள்ளி, எடுத்தால் அந்தக் கழிவு வேறு போகும்.

இத்தனை பள்ளங்களையும் நிரப்பக் கடைசியில் வருவது வட்டிக் கடன். இங்கே செய்யப்படும் தவறு, தவணைத் தொகையை மட்டும் கேட்பது. நூற்றுக்கு 5 என்று தோட்டத்தில் பேசப்படும் மாத வட்டி, ஆண்டுக்கு 60 வீதம். நிதிக் கம்பனிக் கடன் அதைவிட மலிவாகத் தோன்றும். 3 இலட்சத்துக்கு 24 வீதம், 2 ஆண்டு என்பார்கள். அந்த வட்டியைக் குறைந்துவரும் மீதிக்குப் போடாமல் முழு 3 இலட்சத்துக்கும் 2 ஆண்டுக்குப் போட்டால், வட்டி 1,44,000 ரூபாய், மாதத் தவணை 18,500 ரூபாய். உண்மையான ஆண்டு வட்டி ஏறக்குறைய 41 வீதமாகிவிடும். ஆகவே "வட்டி குறைந்துவரும் மீதிக்கா, முழுத் தொகைக்கா?" என்று கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். பெண்கள் குழுவாகக் கையெழுத்திட்டு எடுக்கும் கிழமைக் கடனைத் திருமணத்துக்கு எடுக்கவே கூடாது என்பது என் எண்ணம். ஆடும் கோழியும் வாங்கினால் அவை கொஞ்சமாவது திருப்பித் தரும், பந்தல் எதையும் தராது. தவணை தவறினால், குழுவில் சேர்ந்து கையெழுத்திட்ட, லயத்தின் (தோட்ட வரிசை வீட்டின்) பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் பெண் தன் கொழுந்துக் காசிலிருந்து கட்டவேண்டி வரும்.

நகையில் ஒரு சொல் மட்டும். ஒரு பவுன் 8 கிராம். செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்புவதில்லை. கடன் வாங்கி நகை செய்து, திருமணம் முடிந்ததும் அதை அடகு வைத்து அந்தக் கடனை அடைப்பவர் ஒரே பவுனுக்கு இருமுறை வட்டி கட்டுகிறார், மீட்கத் தவறினால் நகையும் ஏலத்துக்குப் போகும்.

சாப்பாட்டைத் தலைக்கணக்கில்தான் பேசுகிறார்கள் என்பதால், செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் அழைப்பிதழ்தான். ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரங்களில் மண்டபம் எடுப்பவர், ஆகக் குறைந்தது எத்தனை தட்டுக்குக் காசு கட்ட வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். 300 தட்டு என்று ஒப்பந்தமிருந்தால், 220 பேர் வந்தாலும் 300க்குத்தான் கட்டணம். அந்த மீதித் தட்டுகளுக்காகவே லயம் லயமாக ஆள் அழைத்த வீடுகளும் உண்டு.

நாளையும் காசையும் பிரித்து வைக்க முடியும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 18 வயது நிறைந்த இருவர் விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து, 12 நாட்கள் கழிந்தபின் பதிந்துகொள்ளலாம். பதிவாளரை மண்டபத்துக்கு வரவழைப்பதைவிட அவருடைய அலுவலகத்தில் பதிவதற்குக் கட்டணம் குறைவு. என் தம்பி ஆவணியில் அப்படிப் பதிந்துவிட்டு, அவனுடைய சீட்டு விழுந்த பிறகு தை மாதத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினான். பந்தலைத் தோட்டத்துப் பொடியன்கள் போட்டார்கள், சமையலுக்குச் சித்தப்பா நின்றார். அந்தக் கலியாணத்துக்கு அப்பா எழுதிய வரவுப் பக்கத்தில் 2 வரிகள்தான் இருந்தன. மொய்க்குத் தனிக் கொப்பி போட்டார். யார் வீட்டுக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்ற பட்டியலாக அது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.