ஓபியாய்டோடு பனாடோவும் போடலாமா? மில்லிகிராம் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்து வீடுகளில் பனாடோ, ஆட்கோ-டால், கிராண்ட்பா பவுடர் எல்லாம் ஒரே மருந்து டப்பாவுக்குள் கிடக்கும். மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கிறது. கொடீன், டிரமடால், மார்பின் போன்ற ஓபியாய்டுகளோடு (அபின் வகை வலி மருந்துகள்) பாரசிட்டமால் சேர்ப்பது தவறில்லை. டாக்டர்களே அப்படி எழுதித் தருவதுண்டு. இரண்டும் வெவ்வேறு வழியில் வலியை அடக்குவதால் ஓபியாய்டு குறைவாகவே போதும். ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போவதுதான் ஆபத்து.

பெட்டியின் முன்பக்கப் பெயரை விடுங்கள், பின்பக்க மில்லிகிராமைப் படியுங்கள். பனாடோ ஒன்றில் பாரசிட்டமால் 500. ஆட்கோ-டாலில் 450, கூடவே கொடீன் 10, தூக்கம் வரவைக்கும் டாக்சிலமின் 5. டிராமாசெட்டில் டிரமடால் 37.5, பாரசிட்டமால் 325. மைப்ரோடாலில் பாரசிட்டமால் 250, ஐபுபுரூஃபன் 200, கொடீன் 10. கிராண்ட்பா பொட்டலம் ஒன்றில் பாரசிட்டமால் 324, ஆஸ்பிரின் 453.6.

பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் பாரசிட்டமால் 4000 மி.கி. தாண்டக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், தினமும் குடிப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் இன்னும் குறைக்க வேண்டும், மருந்தாளரிடம் கேளுங்கள். மூட்டுவலிக்காரப் பாட்டி ஆட்கோ-டாலை இரண்டிரண்டாக நான்கு வேளை போட்டால் 3600 ஆயிற்று. நடுவில் தலைவலி என்று இரண்டு பனாடோ போட்டால் 4600. டிராமாசெட் எட்டு போடுகிறவருக்கு 2600 போய்விட்டது. மிச்சத்தில் இரண்டு பனாடோவுக்குத்தான் இடம். போட்ட நேரத்தையும் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள், வீட்டில் யார் மருந்து கொடுத்தாலும் தெரியும்.

வலி அடங்கவில்லை என்று கூட்டு மாத்திரையை ஒன்று கூட்டாதீர்கள். ஆட்கோ-டாலில் கொடீன் 10 ஏறும்போது பாரசிட்டமாலும் 450 ஏறும். டாக்டரிடம்தான் போக வேண்டும்.

டாக்டர் சீட்டில்லாமல் ஐபுபுரூஃபன் போடுவதற்கு ஒரு நாள் எல்லை 1200 மி.கி. ஆறு மைப்ரோடாலிலேயே அது நிறைந்துவிடும், அதன்மேல் நூரோஃபன் கூடாது, அதுவும் ஐபுபுரூஃபன்தான். பிரஷருக்கு எனலாப்ரிலும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் ஐபுபுரூஃபனைச் சேர்த்தால் சிறுநீரகம் அடிபடலாம். நம் வீடுகளில் பிரஷரும் சர்க்கரையும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். வயிற்றுப்புண் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் பக்கமே போக வேண்டாம்.

டிரமடால் எழுதித் தந்திருந்தால் அதோடு கொடீன் உள்ள எதையும் சேர்க்காதீர்கள், வெறும் பனாடோ போதும். மது, தூக்க மாத்திரை, மயக்கம் தரும் இருமல் மருந்து ஆகியவை எந்த ஓபியாய்டோடு சேர்ந்தாலும் மூச்சைத் தளர்த்தும். மனச்சோர்வு மாத்திரையோடு டிரமடால் சேர்ந்தால் வலிப்பு வரலாம். கொடீன் உடலில் மார்பினாக மாறுகிறது. சிலருக்கு இது மிக வேகமாக நடப்பதால் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஆகாது. சீட்டில்லாமல் வாங்கிய கொடீன் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். மாதக்கணக்கில் போட்டு வந்தவர்கள் திடீரென நிறுத்தாமல் டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பாரசிட்டமால் கூடிப்போனால் முதல் நாள் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், கல்லீரல் பிறகுதான் கெடும். மாற்றுமருந்து 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். என்ன செய்வதென்று கேட்க விஷத் தகவல் உதவி எண் 0861 555 777. எழுப்பினால் எழவில்லை, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கிவிட்டது, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியில் 112. காலி அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மில்லிகிராம் உள்ளே போயிற்று என்று தெரிந்தால் சிகிச்சையை முடிவு செய்ய உதவும்.