லீவுல புள்ளைங்களுக்கு வரலாறு: மொபைல புடுங்காம சொல்லிக்குடுக்க ஒரு வழி

ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் படிக்கிற பசங்க லீவு விட்டா மொபைலோடதான் கெடக்கும், புடுங்கி வச்சா சண்டைதான் மிச்சம். அதுக்கு பதிலா, எந்த லீவு வருதோ அந்த நாள்கள்ல நம்ம கடலூர் பாண்டி பக்கம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு அதே மொபைல்ல தேட விடுங்க. பாட வரிசைய பாக்காதீங்க, காலண்டர பாருங்க. எட்டாவது சமச்சீர் புக்குல ஐரோப்பியர்கள் வருகை பாடம் இருக்கு, தேடுனது எல்லாம் எப்படியும் அங்கதான் போய் சேரும்.

எனக்கு ரொம்ப புடிச்சது அரையாண்டு லீவும் பொங்கல் லீவும்தான். மொதல்ல தானே புயல்லேர்ந்து ஆரம்பிங்க. 2011 டிசம்பர் 30, கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரை ஏறுச்சு, இது இப்ப படிக்கிற பசங்களுக்கு தெரியாது ஆனா வீட்ல எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும், பலா மரம் முந்திரி மரம் சாஞ்சது, கரண்ட் இல்லாம கெடந்ததுன்னு. பாட்டிகிட்ட கேட்டு அத வாய்ஸ் மெசேஜா குரூப்ல போட சொல்லுங்க. அப்புறமா 1761 ஜனவரி 1ன்னு சொல்லி தேட விடுங்க. பாண்டிச்சேரிய பிரெஞ்சுக்காரங்க கையிலேர்ந்து புடிக்க இங்கிலீஷ்காரங்க கடல்லயும் தரையிலயும் வளைச்சு நிக்கிறாங்க, அன்னிக்கு அடிச்ச புயல்ல இங்கிலீஷ்காரங்க கப்பலுங்க பல நாசமாயிடுச்சு. ஆனாலும் ஜனவரி நடுவுல, நம்ம இப்ப பொங்கல் லீவுல இருக்கிற அதே நாள்கள்ல, ஊரு சரணடைஞ்சுடுச்சு. ஏன்? இத பசங்ககிட்ட விட்டுடுங்க, நீங்க பதில் சொல்லாதீங்க. மிச்ச கப்பல வச்சு திரும்ப கடல அடைச்சது, ஊருக்குள்ள சாப்பாடு தீந்தது, வரும்னு நெனச்ச பிரெஞ்சு கப்பல் வராதது எல்லாம் ஒண்ணொண்ணா அவங்களே கண்டுபுடிப்பாங்க. ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்போட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஆர்க்கைவ் டாட் ஆர்க்ல 12 தொகுதியா சும்மாவே கெடைக்குது, முழுசா படிக்க வேணாம் ஒரு பக்கம் போதும். பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்த்து சொல்ற ஆளா இருந்த மனுஷன், 1736லேர்ந்து எழுதுனவரு, ஊரு விழுந்த அதே ஜனவரியிலதான் அவரும் போனாரு. (விவரமான புள்ள ஒண்ணு அந்த வருஷம் பொங்கல் என்னிக்குன்னு கேக்கும், சில நாள் முன்னாடியே வந்திருக்கும், அத வச்சு ஒரு கணக்கு கிளாஸே எடுக்கலாம்.)

காலாண்டு லீவுக்கு கடலூர் கடற்கரை தேவனாம்பட்டினம். 1690ல மராத்தியர்கிட்டேர்ந்து இங்கிலீஷ் கம்பெனி அங்க இருந்த கோட்டைய வாங்குறப்போ பீரங்கி சுட்டு குண்டு விழுற தூரம் வரைக்கும் உள்ள ஊருங்களும் சேத்துதான் பேச்சு. குண்டு உப்பலவாடின்னு ஊரு பேரு வந்தது அதாலதான்னு இங்க சொல்றது. கூகுள் எர்த்த தொறந்து கெடிலம் ஆறு கடல்ல சேர்ற இடத்துல கோட்டை எங்க இருந்துச்சுன்னு தேடி, அங்கேர்ந்து உப்பலவாடிக்கு அளவு எடுக்கிற டூல வச்சு கோடு போட சொல்லுங்க. ரெண்டு பேருக்கு ரெண்டு தூரம் வரும், எந்த எடத்துலேர்ந்து அளந்தேன்னு சண்டை போடுவாங்க, அந்த சண்டைய நிறுத்தாதீங்க.

தீபாவளி ஒட்டி நவம்பர் 1. பாண்டில லீவு, கடலூர்ல ஸ்கூல், ஏன்னு கேட்டா போதும். 1761ல விழுந்த பாண்டி அப்புறம் திரும்ப பிரெஞ்சுக்காரங்க கைக்கே போயிடுச்சு. 1954 அக்டோபர் 18 பாண்டி பக்கம் கீழூர்ல மக்கள் பிரதிநிதிங்க 178 பேர் ஓட்டு போட்டாங்க, 170 பேர் இந்தியாவோட சேரணும்னு, 8 பேர் வேணாம்னு. நவம்பர் 1 ஆட்சி பிரெஞ்சுக்காரங்ககிட்டேர்ந்து இந்தியாவுக்கு கைமாறுச்சு, ஆனா சட்டப்படி முடிஞ்சது 1962 ஆகஸ்ட் 16லதான், நடுவுல எட்டு வருஷம் ஏன் இழுத்துச்சுன்னு தேட விடுங்க.

நடத்துற விதம் சிம்பிள். நாலஞ்சு பசங்க, கூகுள் மீட், அரை மணி நேரம், சாயங்காலம் வெளையாடிட்டு வந்தப்புறம். காலைல வச்சா தூங்கிடும். ஏஐகிட்ட கேட்டு அப்படியே காப்பி அடிக்கும், அத தடுக்க முடியாது, அதனால எந்த வருஷம் சொன்னாலும் இன்னொரு எடத்துல பாத்து ரெண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பணும்னு ரூல் போட்டுடுங்க. யூடியூப்ல மர்மம் ரகசியம்னு தலைப்பு வச்ச வீடியோ மட்டும் கணக்குல வராது.

மே லீவுல ஆன்லைன் கிளாஸ் எல்லாம் வேணாம், கல்யாணம் ஊருன்னு யாரும் கெடைக்க மாட்டாங்க. பாண்டி பக்கத்துல அரிக்கமேட்டுல 1945ல தொல்லியல் ஆய்வாளர் வீலர் தோண்டுனப்போ ரோமானிய ஜாடி ஓடு கெடச்சுதுல்ல, அத மட்டும் முன்னாடி நாள் ராத்திரி ஒரு தடவ மொபைல்ல பாக்க வச்சுட்டு மறுநாள் பாண்டி மியூசியத்துக்கு கூட்டிட்டு போங்க, திங்கக்கிழமையா இல்லாம பாத்துக்கோங்க.