வனைந்த சட்டியைப் பாதியாக வெட்டுங்கள்

தயிர்ச்சட்டி, கிண்ணம் எல்லாம் சக்கரத்தில் எப்படியோ வந்துவிடுகிறது, தூக்கினால் மட்டும் அம்மிக்கல் பாரம் என்றால் இது உங்களுக்குத்தான். தலைக்கு ஒரு கிலோ களிமண் வீதம் பத்துச் சட்டி ஒரே அளவில் வனையுங்கள். ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல், தங்கூசி (நைலோன்) நூலால் வாயிலிருந்து அடிவரை இரண்டாக வெட்டிப் பாருங்கள். முதல் சட்டியை வெட்ட மனசு வராதுதான். என்னுடையதில் சுவரின் தடிப்பு வாய்ப்பக்கம் 6 மில்லிமீட்டர், அடிமூலையில் அதைப்போல இரண்டு மடங்கு! கீழே மண்ணைப் பிடிக்காமல் நடுவிலிருந்தே சுவரை மேலே இழுத்திருக்கிறேன். வெளிக்கை விரலைச் சக்கரத்தட்டோடு ஒட்டி அழுத்தி, அங்கே சின்னப் பள்ளம் விழுந்த பிறகு மேலே ஏறுங்கள். மூன்று நான்கு இழுப்போடு நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் மண் தண்ணீர் குடித்துச் சோர்ந்துபோகும். உள்ளடியை நடுவை நோக்கி இரண்டு தரம் அழுத்தி, தேங்கிய தண்ணீரை ஸ்பொஞ்சால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் காயும்போது பாம்பு நெளிந்த மாதிரி அடி வெடிக்கும்.

பெரிய பானை வேண்டுமா? சக்கரத்தில் உயரத்துக்கு மல்லுக்கட்ட வேண்டாம். வாயையும் தோளையும் வனைந்து, மண் இறுகியதும் உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி வயிற்றை எடுப்பது குயவர்களின் பழைய வேலைதான், கையும் சக்கரமும் சேருமிடம் அது. மண்திரி சுற்றிக் கட்டுகிறீர்கள் என்றால் விரல் தடிப்பில் உருட்டுங்கள். ஒட்டுமிடத்தை முள்ளுக்கரண்டியால் கீறி, குழைமண் தடவி, உட்பக்கம் கீழ்நோக்கி இழுத்துப் பூசுங்கள். மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை கொஞ்சம் இறுகவிடாவிட்டால் எல்லாம் சேர்ந்து குந்திவிடும்.

வயல் மண்ணோ குளத்து மண்ணோ, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் சுருங்கும். ஒரு மண்வில்லையில் 10 சென்ரிமீட்டர் கோடு கீறி, காய்ந்த பிறகும் சுட்ட பிறகும் அளந்து எழுதி வையுங்கள். மூடி சரியாகப் பொருந்துவது இந்தக் கணக்கில்தான்.

மட்டக்களப்பில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே வைத்தால் வாய் முதலில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாகவே கிடக்கும், பிடி கழன்றுவிடும். வாயையும் பிடியையும் சொப்பிங் பேக்கால் மூடி, மறுநாள் கவிழ்த்து வையுங்கள். மார்கழி மழைக்கு நேர்மாறு, வாரக்கணக்கில் காயாது. அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, சூளைக்குக் கொண்டுபோக வேண்டாம்.