மழைக்காட்டில் குடும்பத்தோடு முகாம்: முதலில் தார்ப்பாய், பிறகுதான் கூடாரம்

மழைக்காட்டில் நனைந்த துணி காயாது. காற்றிலேயே ஈரம், வெயிலோ தரைக்கு வராது. கொடியில் போட்டது மறுநாளும் சொதசொதவென்றுதான் இருக்கும். ஆகவே ஆளுக்கு ஒரு செட் உடையையும் ஒரு ஜோடி காலுறையையும் தண்ணீர் புகாத பையில் கட்டி வையுங்கள். அது உறங்க மட்டும். காலையில் நேற்றைய ஈர உடையையே மறுபடி போட வேண்டும். குழந்தைகள் சிணுங்குவார்கள், பாவமாகத்தான் இருக்கும். ஆனால் இரக்கப்பட்டு உலர்ந்ததை எடுத்துக் கொடுத்தால் அன்றிரவு அவர்கள்தான் நடுங்குவார்கள். பருத்தி வேண்டாம், பாலியஸ்டர் போதும்.

மரக்கூரைக்குக் கீழே பொழுது சீக்கிரம் இருட்டிவிடும். சூரியன் மறைவதற்கு மூன்று மணி நேரம் முன்பே இடத்தைத் தேர்ந்துவிடுங்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள்: பட்டுப்போன கிளையோ மரமோ தலைக்கு மேல் இருந்தால் அந்த இடம் ஆகாது. பிறகு ஓடையைப் பாருங்கள். கரையோரப் புதர்களில் சருகும் குச்சியும் சிக்கியிருக்கும் உயரம், முன்பு வெள்ளம் ஏறிய உயரம். கூடாரம் அதற்கும் நன்றாக மேலே இருக்க வேண்டும். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மலைமேல் பெய்த மழை வந்து சேரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி இலைதழையோடு வந்தால், சாமானை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறுங்கள்.

நால்வருக்கு 4×5 மீட்டர் தார்ப்பாய் சரியாக இருக்கும். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிற்றை விறைப்பாகக் கட்டி அதன்மேல் போடுங்கள். ஒரு பக்கத்தை நன்றாகத் தாழ்த்தாவிட்டால் நடுவில் தண்ணீர் தேங்கி, பாரம் தாங்காமல் கிழியும். தண்ணீர் கயிறு வழியாகவும் ஊர்ந்து உள்ளே வரும். தார்ப்பாய்க்குச் சற்று வெளியே, கயிற்றின் இரு முனையிலும் ஒரு சிறு நூலைத் தொங்கவிடுங்கள், அங்கேயே சொட்டிவிடும். கூடாரத்தை இதற்கு அடியில் விரியுங்கள். தரைவிரிப்பு கூடாரத்தைவிட ஒரு விரல்கூட வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மழைநீரை ஏந்தி நேரே படுக்கைக்கு அடியில் கொண்டுவந்து விடும்.

சமையலுக்கு விறகை நம்பாதீர்கள், கேஸ் அடுப்பு வேண்டும். தார்ப்பாயின் திறந்த ஓரத்தில் வைத்துச் சமையுங்கள். கூடாரத்துக்குள் ஏற்றினால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். குடிநீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் மூன்று நிமிடம்.

அட்டை ஏறினால் பிய்க்காதீர்கள். உப்பும் தீயும் வைத்தால் அது வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கும். மெலிந்த முனையில், தோலை ஒட்டி நகத்தை வைத்துப் பக்கவாட்டில் நெம்புங்கள். பிறகு தடித்த முனையையும் அப்படியே. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். காலணியைக் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

கைபேசிக்குச் சிக்னல் இருக்காது. போகும் வழி, தங்கும் இடம், திரும்பும் நாள் மூன்றையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். எத்தனை மணி வரை பார்த்துவிட்டு யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.