அரிசி மில் குடோனில் பாம்பு: மூட்டையில் கை வைக்கும் முன்

ஆரணி, ஆற்காடு பக்கத்து மில்களில் எலிக்குப் பஞ்சமில்லை. எலியைத் தேடித்தான் பாம்பு வருகிறது. பூண்டு, கந்தகம், பினாயில் எதுவும் அதைத் தடுக்காது. கார்பாலிக் ஆசிட் ஆட்களின் தோலைத்தான் பொசுக்கும். அந்தக் காசில் நல்ல டார்ச்சும், முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் வாங்குங்கள். சாதாரண தோல் கையுறையை நம்பவே நம்பாதீர்கள். கண்ணாடி விரியன் பல் அதைத் துளைத்துவிடும்.

1. அட்டி (மூட்டை அடுக்கு) போடும்போது
சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். கதவடியில் தகரப் பட்டை அடியுங்கள். அரை அங்குலச் சந்து எலிக்குப் போதும்.

2. அட்டி பிரிக்கும்போது
அவசரப்படக் கூடாத இடம் இது. மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினால், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் விரல் போய்விடும். அடி இரண்டு வரிசைகளில் ஆபத்து அதிகம். ஒருவர் பக்கவாட்டில் நின்று சந்துக்குள் டார்ச் அடிக்கட்டும். இன்னொருவர் நீளக் கைப்பிடிக் கொக்கியை மூட்டையின் எதிர்ப்பக்க விளிம்பில் மாட்டித் தன் பக்கமாகச் சரிக்கட்டும். அப்போது அடியில் உண்டாகும் திறப்பு எதிர்ப்பக்கம் இருக்கும். மூட்டையே தடுப்பாக நிற்கும். கால் மேல் விழாதபடி சற்று ஒதுங்கி நில்லுங்கள். முன்விளிம்பைத் தூக்கினால் திறப்பு நேராக உங்கள் காலைப் பார்க்கும். பலர் தவறுவது இங்கேதான்.

காலிச் சாக்குக் குவியலையும் கையால் அள்ளாதீர்கள். கழியால் கலையுங்கள்.

3. பாம்பைக் கண்டால்
எல்லோரும் பத்தடி பின்வாங்குங்கள். ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று அதைக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். எங்கே புகுந்தது என்று தெரியாவிட்டால் பிடிக்க வருபவர் மொத்த அட்டியையும் பிரிக்க வேண்டியிருக்கும். தீயணைப்புத் துறைக்கு 101. அடிக்கப் போகாதீர்கள், நாகமும் கண்ணாடி விரியனும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை. அடிக்கப் போய்க் கடிபடுகிறவர்களும் உண்டு.

4. கடித்துவிட்டால்
108ஐ அழையுங்கள். கட்டு, கீறல், உறிஞ்சுதல் எதுவும் வேண்டாம். மோதிரம், கயிறைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீக்கம் வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: இரவு ஷிஃப்ட்
ஓய்வு நேரத்தில் சாக்கு விரித்துத் தரையில் படுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். கட்டுவிரியன் இரவில் திரியும். தூங்குபவரைக் கடித்தால் வலியும் தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, இமை சொருகல், பேச்சுக் குழறல் என்று யாராவது சொன்னால் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மில் முதலாளி கட்டிலும் கொசுவலையும் வாங்கித் தர வேண்டும். வலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.