முதுகு சில்லிடாமல் இருக்க என்ன பாய் வாங்குவது?

வேலூர் வெயிலில் வளர்ந்த நமக்குக் குளிர் என்றால் போர்வைதான் நினைவுக்கு வரும். ஒரு மார்கழி இரவு ஏலகிரியில் கூடாரம் போட்டுப் படுத்தேன். மேலே இரண்டு கம்பளி, அடியில் காற்றடித்த மெத்தை. விடியும்வரை முதுகு சில்லென்றே இருந்தது. வெறும் காற்று மெத்தையில் உள்ளே இருக்கும் காற்று சுற்றிச் சுற்றி உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். அடியில் கம்பளி போட்டாலும் நம் எடையில் நசுங்கிவிடும், சூடு தங்காது.

அதனால் பாய் வாங்கும்போது தடிமனை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர்-வேல்யூ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அது கூடக்கூடக் குளிர் ஏறாது. ஏலகிரி, ஜவ்வாது மலைக்கு 2 அல்லது 3 தாராளம். இமயமலைப் பனியில் படுக்க 5-க்கு மேல் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம்: 2-ம் 3-ம் சேர்ந்தால் 5.

என் ஓட்டு ஃபோம் பாய்க்குத்தான். முள் குத்தினாலும் பஞ்சர் கிடையாது. சுருட்டினால் பையைவிடப் பெரிதாக நிற்கும், அது ஒன்றுதான் தொல்லை. ஊதும் வகை என்றால் வாயால் ஊதாமல் பம்ப்பு வையுங்கள், மூச்சின் ஈரம் உள்ளே தங்கும்.

“கோரைப்பாய் போதாதா?” என்று அம்மா கேட்டார். குளிருக்குப் போதாது. ஆனால் ஊதும் பாய்க்கு அடியில் விரித்துப் பாருங்கள், கல்லும் முள்ளும் அவ்வளவாக உறுத்தாது.