இங்கே வெயில், மேலே மழை: கோடை இயற்கை முகாமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி முடிகிற கையோடு, தென்காசி மாவட்டத்தில் கேரள எல்லையோர மலையடிவாரத்திலிருக்கிற செங்கோட்டை, புளியரை, மேக்கரை பக்கத்துத் தோப்புகளில் கோடை முகாம் நோட்டீஸ் தொங்க ஆரம்பித்துவிடும். காலையில் வேனில் கூட்டிவந்து பொழுது சாயுமுன் வீட்டில் விடுகிற பகல் முகாம்கள். ஆறு வயசு முதல் பதினாறு வயசு வரை பிள்ளைகள் வருவார்கள். மரம், பறவை, ஓடை எல்லாம் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் புதிதாக நடத்த வருகிறவர்கள் வருஷம் தவறாமல் அதே இடங்களில் சறுக்குகிறார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், முதலுதவிப் பெட்டி பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

பள்ளிக்கூட நேரத்தில் முகாம்

பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிக்கிறார்கள். பெற்றோருக்கு வசதி, அவ்வளவுதான். பத்து மணிக்குப் பறவைகள் நிழலுக்குள் போய்விடும். வெயில் உச்சியில் இருக்கும்போது பிள்ளைகள் திறந்தவெளியில் நிற்பார்கள். இரண்டு மணிக்கு மேல் மலைமேல் மேகம் கட்டும். ஒரு நாளின் மூன்று மோசமான பகுதிகளும் இந்த நேரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

காலை 6.30க்கு வேன் தோப்புக்கு வந்துவிட வேண்டும். நடை, பறவை, ஓடை எல்லாம் பத்து மணிக்குள். அதன்பின் கூரையடியில் களிமண், ஓலை முடைதல், விதை உருண்டை. ஒரு மணிக்குச் சோறு போட்டு அனுப்பிவிடலாம். சாயங்காலம் வரை வைத்திருந்தே ஆக வேண்டுமென்றால் 11 முதல் 3 வரை நிழலைவிட்டு யாரும் நகரக்கூடாது. தாகம் எடுத்தால் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், விளையாடுகிற பிள்ளை கேட்காது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை விசிலடித்து ஆளுக்கு 150 முதல் 200 மில்லி குடிக்க வையுங்கள். நடுவில் ஒருமுறை உப்புப் போட்ட மோர். கையில் ஓஆர்எஸ் பாக்கெட் இல்லாதபோது ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைக் கூம்பாக அள்ளாமல் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து.

பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காதது ஏன்

கழிப்பறை இல்லாததால். பன்னிரண்டு வயசுக்கு மேல் எந்தப் பெண்ணும் இதை வாய்விட்டுச் சொல்லாது. காலையிலிருந்து ஒரு மடக்குக்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, பதினோரு மணிக்குத் தலைவலி என்று உட்காரும். வெயில் தாக்கிவிட்டது என்று முகாம் நடத்துகிற அண்ணன்மார் அதன் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். தோப்பில் கழிப்பறை இல்லையென்றால் நாலு கம்பும் தார்ப்பாயும் வைத்து மறைப்புக் கட்டுங்கள். உள்ளே கொக்கி, வாளி, மூடியுள்ள குப்பைக்கூடை, ஒரு பையில் நாப்கின். ஓடையிலிருந்து குறைந்தது நூறு அடி தள்ளி இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்பதை முதல் அரை மணிக்குள் ஒரு பெண் பொறுப்பாளர் காட்ட வேண்டும்.

ஓடை

இதைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

முகாம் நோட்டீஸிலேயே ஓடைப் படம் போட்டுவிடுகிறார்கள். ஓடையில் நனையாமல் பிள்ளை வீட்டுக்குப் போனால் காசு வீண் என்று பெற்றோர் நினைப்பார்கள் என்ற பயம். அதனால் நாளின் கடைசியில், எல்லாரும் களைத்திருக்கும்போது, பரிசு மாதிரி ஓடையில் இறக்குகிறார்கள். மணி மூன்று, மூன்றரை. தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடக்கும். ‘ஏறுங்கடா’ என்றால் ‘அண்ணே, இன்னும் அஞ்சே நிமிஷம்’ என்பார்கள். அண்ணனும் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

கோடை மழை இந்தப் பக்கம் பெய்கிற விதம் தெரிந்தவர் யாரும் இதைச் செய்யமாட்டார். சித்திரை, வைகாசியில் காலை முழுக்கக் காய்ந்த காற்று மலைச்சரிவில் மேலேறும். மதியத்துக்குமேல் முகட்டில் மேகம் திரண்டு, எல்லையோரத்து ஆரியங்காவு, அச்சன்கோவில் மேட்டில் கொட்டும். அடிவாரத்தில் ஒரு சொட்டு விழாது. காய்ந்த பாறைச்சரிவு தண்ணீரை உறிஞ்சாது, அப்படியே உருட்டிவிடும். நூறு சிற்றோடைகளில் இறங்கியது எல்லாம் கீழே ஒரே ஓடையில் சேரும்போது, தண்ணீர் மெதுவாகக் கூடுவதில்லை, மதில் மாதிரி ஒரே அடியாக வரும். இதை மலையாளத்தில் மலவெள்ளம் என்பார்கள், நாம் காட்டாற்று வெள்ளம் என்கிறோம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயசுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. சீசன்கூட அப்போது தொடங்கியிருக்கவில்லை.

கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர்தானே என்று நினைக்கலாம். விரைந்து ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நாலு மடங்காகும். முப்பது கிலோ பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடையே வேண்டாம் என்பதல்ல. பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. இறக்குகிற முறை இருக்கிறது.

முதலில் நேரம். ஓடையை நாளின் முதல் வேலையாக வையுங்கள்: 7.30 முதல் 9.30 வரை. பதினோரு மணிக்குமேல் ஒரு கால்கூட நனையக்கூடாது. முந்தின நாள் இரவு மலையில் மழை என்றால் அன்றைக்கு ஓடை ரத்து. வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைத் தென்காசி மாவட்டத்துக்கு மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைகிறார்கள். கொல்லம், பத்தனம்திட்டா மாவட்டங்களுக்கும் பாருங்கள். மேகத்துக்கு மாநில எல்லை தெரியாது. இடிமின்னலுக்கு தாமினி செயலி போனில் இருக்கட்டும். மின்னலைக் கண்டதற்கும் இடி கேட்டதற்கும் நடுவே முப்பது எண்ணுமுன் சத்தம் வந்துவிட்டால் எல்லாரும் கட்டடத்துக்குள் அல்லது வேனுக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி ஆனபிறகே வெளியே வரலாம்.

அடுத்து இடம். நேராக ஓடுகிற, கரை சரிவாக இருக்கிற, அடி தெரிகிற பகுதி வேண்டும். வளைவில் வெளிக்கரைப் பக்கம் தண்ணீர் குடைந்து ஆழமாக்கியிருக்கும். அருவிக்குக் கீழேயும், இரண்டு பாறைச்சுவருக்கு நடுவிலும் கூடவே கூடாது, ஏற வழியிருக்காது. பிள்ளைகள் வருமுன் ஒருவர் ஐந்தடிக் கம்போடு உள்ளே நடந்து ஒவ்வொரு அடியாகக் குத்திப் பார்க்க வேண்டும். பாறையில் தண்ணீர் சுழன்று குடைந்த குழிகள் வெளியே தெரியாது. இருப்பதிலேயே சின்னப் பிள்ளையின் முழங்கால்தான் ஆழத்தின் அளவு. எல்லையைக் கரையில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டுக் காட்டுங்கள். ஓடைக்குக் குறுக்கே கயிறு கட்டாதீர்கள். பெருக்கு வந்தால் அதே கயிற்றில் காலும் கழுத்தும் மாட்டும்.

செருப்பு, பை, மாற்றுத்துணி எல்லாம் வேன் நிற்கிற அதே கரையில், மேட்டில். எவ்வளவு மேட்டில் என்று வேர்களைப் பார்த்தால் தெரியும். போன வெள்ளம் கொண்டுவந்த சருகும் பிளாஸ்டிக்கும் சிக்கியிருக்கிற உயரத்துக்கு மேலே. எதிர்க்கரைக்கு யாரையும் அனுப்பாதீர்கள், அங்கே எவ்வளவு அழகான பாறை இருந்தாலும் சரி. ஏறச் சொன்னபின் செருப்பை எடுக்கத் திரும்பி ஓடுகிற பிள்ளைதான் மாட்டுகிறது. ‘விடாத விசில் கேட்டால் வெறுங்காலோடு மேட்டுக்கு’ என்பதை இறங்குமுன் இரண்டு தடவை ஓடிப் பழக வையுங்கள். ஒரு நீள விசில் என்றால் நிற்க வேண்டும், விடாத விசில் என்றால் ஏற வேண்டும். தமிழ்ப் பிள்ளையும் மலையாளப் பிள்ளையும் கலந்து வருகிற முகாமில் வாய்ச்சொல்லைவிட விசிலே மேல்.

ஒரு நேரத்தில் தண்ணீரில் எட்டுப் பேர், கூடவே இரண்டு பெரியவர்கள், அவர்களும் தண்ணீரில் நிற்க வேண்டும். பிள்ளைகளை ஜோடி சேர்த்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஜோடி கை பிடித்துத் தூக்கச் சொல்லி எண்ணுங்கள். கரையில் ஐம்பதடிக் கயிறு, அதன் நுனியில் கால்வாசித் தண்ணீர் நிரப்பி மூடிய ஐந்து லிட்டர் கேன். வீசினால் தூரம் போகும், மிதக்கவும் செய்யும்.

எல்லாரும் விட்டுவிடுவது காவலாளை. நூறு, நூற்றைம்பது மீட்டர் மேலே ஓடையோரம் ஒருவர் விசிலோடு உட்கார வேண்டும். போனைக் கையில் கொடுக்காதீர்கள். நீர்விளிம்பில் ஒரு குச்சி நட்டுக்கொள்ளட்டும். தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறினால் விடாத விசில். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் நுரையும் சேர்ந்து வந்தால், தண்ணீர் சட்டென்று குளிர்ந்தால், மண்வாடை வந்தால், ஓடைச் சத்தம் கனத்தால், எதையும் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் விசில். பத்துத் தடவை வீணாக அடித்தாலும் பரவாயில்லை. அந்தப் பத்துக்கும் அவரைக் கேலி செய்கிற முகாமில் பதினோராவது தடவை அடிக்கமாட்டார்.

தென்னைக்கு அடியில் பந்தி

நெற்றும் மட்டையும் சொல்லிவிட்டு விழாது. மாமரத்தடிக்குப் போங்கள்.

‘பக்கத்துல ஒரு ரவுண்டு காட்டுக்குள்ள’

வேலி இல்லை என்பதால் காப்புக்காடு தோப்பின் தொடர்ச்சி ஆகிவிடாது. வனத்துறை அனுமதியில்லாமல் காலடி வைக்கக்கூடாது. தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு 2018 முதல் தனி விதிகள் இருக்கின்றன. அந்த விதிகள் வந்ததற்குக் காரணம் அதே வருஷம் மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்குமேல் இறந்தது. கோடையில் புல் எண்ணெய் மாதிரிப் பற்றும். பகல் முகாமுக்குத் தோப்பு, வயல்வரப்பு, குளக்கரை தாராளமாகப் போதும்.

வாயில் வைக்கிற விதை

இயற்கை முகாம் என்றதும் நாவல், கொடுக்காப்புளி, இலந்தை என்று பறித்துத் தின்னக் கற்றுக்கொடுக்கிறார்கள். மறுநாள் அதே பிள்ளை தன் தெருவேலியிலிருக்கிற காட்டாமணக்குக் கொட்டையை உடைத்துத் தின்கிறது. கடலை மாதிரி ருசியாக வேறு இருக்கும். வாந்தியும் பேதியும் கூட்டமாக வரும், ஒருவன் தின்றால் நாலு பேருக்குக் கொடுப்பானே. தின்னக் கற்றுக்கொடுக்குமுன் தின்னக்கூடாததைக் காட்டுங்கள்: காட்டாமணக்கு, அரளி, எட்டி, குன்றிமணி, செங்காந்தள் கிழங்கு. குன்றிமணியைக் கோத்து மாலை செய்கிற கைவேலையும் வேண்டாம். ஊசியால் துளைத்த விதையின் நஞ்சு வெளியே வரும்.

மலைத்தேனீ

சென்ட், புகை, கல். மூன்றும் கிடையாது. கலைந்துவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வேனுக்குள் ஓட வேண்டும், தண்ணீரில் குதிக்கக்கூடாது. கொடுக்கை எடுக்க எது கையில் கிடைக்கிறதோ அதனால் உடனே வழித்தெடுங்கள், தாமதம்தான் நஞ்சைக் கூட்டும்.

பாம்பு கடித்தபின் செய்கிற வீரம்

இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பாம்பைத் தேடி அடிப்பது. நான்கும் வேண்டாம். கடிபட்ட பிள்ளையை நடக்கவிடாமல், அந்தக் கையையோ காலையோ கம்பு வைத்து அசையாமல் கட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நம்மூர் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும்தான். ரப்பர்த் தோட்டச் சருகில் கிடக்கிற, மூக்கு தூக்கிய சின்னக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. ஆகவே சருகுக்குள் கைவிடுகிற விளையாட்டே வைக்காதீர்கள்.

எல்லையோரத்தில் போன் கேரள டவரைப் பிடித்துக்கொண்டால் 108 அழைப்பும் அந்தப் பக்கம் போய்விடக்கூடும். மாநிலம், ஊர், அருகிலுள்ள பஸ் நிறுத்தம் மூன்றையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வேனில் ஒட்டுங்கள். ஒரு வண்டி எப்போதும் டிரைவரோடு நிற்கட்டும், சாமான் வாங்க அனுப்பாதீர்கள்.

பெயர்ப்பட்டியல்

‘இது செம்மார்புக் குக்குறுவான், எழுதிக்கோ.’ அவ்வளவுதான், பிள்ளைக்குப் பறவை போய்விட்டது, பள்ளிக்கூடம் வந்துவிட்டது. முதலில் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார வைத்து, கேட்ட சத்தத்தை வாயால் செய்துகாட்டச் சொல்லுங்கள். செப்புக்குடம் தட்டுகிற மாதிரி டொக் டொக் என்று ஒருவன் செய்வான். எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள். கண்டுபிடித்தபின் பெயரைச் சொன்னால் மறக்காது.

பெரிய பிள்ளைகளைச் சின்னதுகளோடு சேர்ப்பது

பதினைந்து வயசுக்காரனை இலை பொறுக்கச் சொன்னால் போனை எடுப்பான், அது அவன் தப்பில்லை. அவனுக்கு உண்மையான வேலை கொடுங்கள். ஓடையில் பத்து மீட்டர் அளந்து, நெற்றைக் கரையோரமாக மிதக்கவிட்டு விநாடி எண்ணி நீரோட்ட வேகம் கணக்கிடட்டும், கரையில் நின்றபடியே. குளக்கரையில் நாள்தோறும் ஒரே இடத்தில் நின்று கொக்கு, நாரை, நீர்க்காகம் எண்ணட்டும். ஆறு முதல் எட்டு வயசுக்கு ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும், பதின்ம வயசுக்குப் பத்துக்கு ஒருவர் போதும். பதின்ம வயசுப் பிள்ளையைப் ‘பெரியவர்’ கணக்கில் சேர்க்காதீர்கள்.

முகாம் முடிந்தபின் வருகிற காய்ச்சல்

புதர், புல் மேட்டிலிருக்கிற பொடிப்பூச்சி கடித்து வருகிற உண்ணிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் தெரியும். அப்போது முகாமை எல்லாரும் மறந்திருப்பார்கள், வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு அனுப்புகிற கடைசி நாள் சீட்டில் மூன்று வரி எழுதுங்கள்: இன்றிரவு குளிக்கும்போது அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்க்கவும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், புதர்ப் பக்கம் போனதை டாக்டரிடம் சொல்லவும். வலியில்லாத, சிகரெட் சுட்டது மாதிரிக் கறுத்த புண் இருந்தால் அதையும் காட்டவும்.